கடல் கடந்து வந்த பாட்டு

1970களின் முற்பகுதியில், நான் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த வேளை, வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு கிராமத்து நிருபர் கையெழுத்தில் நான்கு பக்கச் செய்தி அனுப்பியிருந்தார். கோவில் திருவிழாவொன்றில் நடிகமணி வி. வி. வைரமுத்து குழுவினரின் 'அரிச்சந்திர மயான காண்டம்' மேடையேறிய விபரம். எந்தப் பாட்டுக்குச் சனம் அழுதது, எந்த இடத்தில் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டுப் பாடகரைத் தனியே விட்டார் என்பதெல்லாம் அதில் இருந்தன. சிவப்புப் பேனாவால் அதனை நான்கு வரியாக்கியவன் நானே. எவரும் சொல்லிச் செய்யவில்லை. கூத்துத்தான் எங்களுடையது, 'டிறாமா' என்பது இந்தியாவிலிருந்து வந்த சரக்கு, அதுவும் பார்சிக்காரரிடம் இரவல் வாங்கிய சரக்கு என்பது படித்தவர் வட்டத்தில் அப்போது முடிந்துபோன வழக்கு. அந்த வட்டத்திற்குள் நிற்கவே நானும் விரும்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஆங்கில நாடக வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த நான்கு பக்கம் மீண்டும் நினைவுக்கு வந்தது. இதே வழக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் நடந்திருக்கிறது.

1705இல் துறூரி லேன் அரங்கில் 'ஆர்சினோ' என்ற இசை நாடகம் மேடையேறியது. சொற்கள் ஆங்கிலம், பாடும் முறை இத்தாலியம். அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியப் பாடகர்களே நேரில் வந்திறங்கினர். 1708இல் வந்த நிக்கோலினி என்பவர், சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டு, ஆணின் நெஞ்சு வலுவோடும் பெண்குரலின் உயரத்தோடும் பாடப் பயிற்றப்பட்ட மரபைச் சேர்ந்தவர். அவர் இத்தாலியத்தில் பாட, கூட நடித்த ஆங்கிலேயர் ஆங்கிலத்தில் மறுமொழி பாடினர். அரசன் ஒரு மொழி, அடிமை இன்னொரு மொழி. சபையோர் இதனையும் பொறுத்துக்கொண்டார்கள். பின்னர் பாதி விளங்குவதிலும் பார்க்க முழுவதும் விளங்காதிருப்பதே மேல் என்று எண்ணினார்களோ என்னவோ, நாடகம் முழுவதுமே இத்தாலியத்துக்கு மாறியது. 1711 பெப்ரவரியில் ஹேமார்க்கெற் அரங்கில் 'றினால்டோ' வந்தது. இசையமைத்தவர் ஜேர்மனியிற் பிறந்து இத்தாலியில் தொழில் பழகிய 26 வயது ஹன்டெல். சோலைக் காட்சி ஒன்றில் உயிருள்ள சிட்டுக்குருவிகளை மேடையிற் பறக்க விட்டார்கள்.

அந்தக் குருவிகளைப் பிடித்துக்கொண்டார் ஜோசப் அடிசன். தமது 'ஸ்பெக்டேற்றர்' ஏட்டில் அடுத்த மாதமே குருவிகளையும் இத்தாலியப் பாட்டையும் சேர்த்து நையாண்டி செய்தார். ஆங்கிலேயன் தன் சொந்த மண்ணிலே விளங்காத மொழிக்குக் காசு கொடுத்துக் கைதட்டுகிறான் என்பதே அவர் குற்றச்சாட்டின் சாரம். நியாயமான கேள்விதான். ஆயினும் 1707இல் அடிசன் தாமே ஆங்கிலத்தில் 'றொசமொண்ட்' என்ற இசை நாடகம் எழுதி, அது மூன்றே இரவுகளில் படுத்துவிட்டது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தோற்ற நாடகாசிரியனின் விமரிசனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பத்திரிகைக்காரன் கேட்டே ஆகவேண்டும்.

1728இல் ஜோன் கே எழுதிய 'பிச்சைக்காரரின் ஒபெரா' தெருப்பாட்டு மெட்டுகளில் திருடர்களையும் கணிகையரையும் பாடவைத்து இத்தாலிய மோகத்தைக் கேலி செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேலி செய்யப்பட்ட 'றினால்டோ'வின் அணிநடை இசையே அதில் திருடர் பாட்டாக வந்தது. ஊர் முழுக்க வாயில் இருந்தால்தானே மெட்டைக் கேலிக்கு எடுக்கலாம்? ஹன்டெல் 1741இல் தமது கடைசி இத்தாலிய ஒபெராவை முடித்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களுக்கே இசையமைத்தார். 1742இல் டப்ளினில் முதன்முதல் பாடப்பெற்ற 'மெசையா'வை அந்நியம் என்று இன்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.

எங்கள் கடற்கரைக்கு இதே போன்ற அலை பம்பாயிலிருந்து வந்தது. பார்சி இனத்தவர் நடத்திய நாடகக் கம்பனிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்புக்குக் கப்பலேறி வந்து, வர்ணத் திரைகளும் மினுங்கும் உடுப்புகளும் ஆர்மோனியமுமாக ஆடின. பாட்டு இந்துஸ்தானியில். கொழும்புச் சபையில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? விளங்காமலே மயங்கினார்கள். சிங்கள நாடகக்காரர் அந்த முறையைப் பற்றிக்கொண்டு 'நூர்த்தி' என்ற வகையை உண்டாக்கினர். அதில் முதன்மையானவரான ஜோன் டி சில்வா, விசுவநாத் லௌஜி என்ற இசைஞரை இந்தியாவிலிருந்து வருவித்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. காட்சியின் உணர்ச்சியை மொழிபெயர்த்துச் சொல்ல, அதற்கேற்ப அவர் மெட்டமைத்தார். 1903இல் வந்த 'சிறிசங்கபோ' நாடகத்தின் 'தன்னோ புதுங்கே' என்ற பாடல் அவ்வாறு பிறந்ததுதான். காலப்போக்கில் அது பௌத்தர்களின் பக்திப் பாடலாகவே ஆகிவிட்டது. 2016 சுதந்திர தின நிகழ்வில் கிஷானி ஜயசிங்க அதனை ஐரோப்பிய ஒபெரா முறையிற் பாடியபோது, தேசியச் சொத்தை அந்நியப்படுத்திவிட்டார் என்று பெருங்கூச்சல் எழுந்தது. அந்தச் சொத்தின் மெட்டு எங்கிருந்து வந்தது என்பது கூச்சலில் அமிழ்ந்துபோயிற்று.

யாழ்ப்பாணத்துக்கு இந்த அலை நேரே வரவில்லை, தமிழ்நாட்டைச் சுற்றி வந்தது. பார்சிக் கம்பனிகளின் மேடை அமைப்பையும் மெட்டுகளையும் தமிழ்நாட்டு நாடகக்காரர் எடுத்தாண்டனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அவற்றோடு கருநாடக இராகங்களையும் காவடிச்சிந்தையும் கும்மியையும் கலந்து, வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று ஒரு தலைமுறைக்கே நாடகம் எழுதிக் கொடுத்தார். 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதப் பாதை இணைந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கம்பனிகளுக்கு இலங்கை ஒரு நல்ல வசூல் நாடாயிற்று. 1920களில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இலங்கை மேடையிற் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்கள், சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அயலிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். அவர் அந்தப் பாட்டைப் பாடிக் காட்ட முயலும்போது நாங்கள் சிறுவர்கள் ஓடிவிடுவோம்.

கம்பனிகள் போன பின்பு சில இந்தியக் கலைஞர்கள் தங்கினர். அவர்களிடமும், அவர்களைப் பார்த்துப் பழகிய அண்ணாவிமாரிடமும் உள்ளூர் இளைஞர்கள் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கற்றனர். கூத்துக் களரியின் மத்தளத்துக்குப் பதில் மிருதங்கம், சல்லாரிக்குப் பக்கத்தில் ஆர்மோனியம், நாற்புறமும் சனம் இருந்த இடத்தில் முன்புறம் மட்டும் திறந்த திரைமேடை. 'டிறாமா மோடி' என்ற பெயர் ஊரில் நிலைத்தது. காரை செ. சுந்தரம்பிள்ளை 'ஈழத்து இசை நாடக வரலாறு' என்ற நூலில் இதனைப் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். இத்துறையில் அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

படித்த கனவான்களுக்கு வேறொரு வழி திறந்தது. 1911இல் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இலங்கைக்கு வந்தது. பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டி, வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் கூச்சமின்றி நடிக்கக்கூடிய நாடகம் அது. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் அந்த வழியில் நடந்தனர். விடிய விடியப் பாடும் டிறாமா, 'கூத்தாடி' என்ற வசைச் சொல்லுக்கு அஞ்சாதவர்களிடம், அல்லது அஞ்சினாலும் வேறு வழியற்றவர்களிடம் எஞ்சியது. அவர்களிற் பெரும்பாலோர் சாதியின் பெயரால் கீழே வைக்கப்பட்டவர்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியமானது. 1931இல் தமிழ் பேசும்படம் வந்ததும் தமிழ்நாட்டின் நல்ல குரல்கள் ஸ்ரூடியோக்களுக்குப் போயின. 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டத்தை இயற்றியபின் கடல் கடப்பதும் கடினமாயிற்று. தாய்வீட்டு வரவு நின்றபோது பட்டுப்போயிருக்க வேண்டிய செடி, யாழ்ப்பாணத்தில் அப்போதுதான் தழைத்தது. அதற்குக் காரணம் பலர். நான் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வைரமுத்து 1924இல் காங்கேசன்துறையிற் பிறந்தார். அவருடைய வசந்தகான சபா மயான காண்டத்தை 3000 தடவைக்கு மேல் மேடையேற்றியது என்பர். இரவு முழுவதும் நீளும் அரிச்சந்திரன் கதையில் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து, அதனையே முழு நாடகமாக்கியிருந்தார்கள். மதுரைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகங்களைப் பின்னாளிற் பார்த்தேன். அங்கே பஃபூனின் குறும்பும் ராஜபார்ட் ஸ்திரீபார்ட் தர்க்கமும் மணிக்கணக்கில் நீள்கின்றன. அது ஒரு சுவை. நாங்கள் பார்த்த மயான காண்டத்தில் சுடலையும், காவற்காரனும், பிள்ளையின் பிணத்தோடு வந்து நிற்கும் தாயும்தான். எதிரே நிற்பவள் தன் மனைவி என்று தெரியாமல் அவன் சுடலைக் கூலி கேட்கிறான். கழுத்தின் தாலியைக் குறித்துக் கேட்டதும் சந்திரமதிக்கு விளங்குகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே சனம் பாயும் தலையணையுமாக வந்து மணலிற் கிடந்தது. என் தாயார் கதையை நூறு முறை கேட்டவர். நூறாவது முறையும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் பார்த்தார். மெட்டு பம்பாயிலிருந்து வந்ததா, தஞ்சாவூரிலிருந்து வந்ததா என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

அரிச்சந்திரன் புலையனுக்கு அடிமையாகிச் சுடலை காப்பவன். வைரமுத்துவின் மற்றொரு புகழ்பெற்ற நாடகம் 'பக்த நந்தனார்'. கோவிலுக்குள் போக விடாது தடுக்கப்பட்டவனின் கதை. காங்கேசன்துறைக்கு அடுத்த மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைய உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், தாக்கப்பட்டார்கள். நந்தனாருக்காக அழுத கண்கள் அந்த ஊர்களில் ஏராளம். அக்கண்களிற் சில அந்த நாளில் வாசலை மறித்தவர் பக்கத்திலும் இருந்திருக்கும். 'இந்தியச் சரக்கு' என்று நாங்கள் ஒதுக்கிய நாடகம் எங்கள் ஊரின் புண்ணிலேயே கை வைத்திருந்ததை அன்று நான் காணவில்லை.

எங்கள் கண் வேறெங்கோ இருந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றி, நூர்த்தியை விட்டுப் பழைய நாடகம மரபுக்குத் திரும்பினார். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்திலே இருந்தது. அதன் உற்சாகத்தில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' தொடங்கிக் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரும் பணி, அதில் எனக்கு ஐயமில்லை. அந்த வெளிச்சம் கூத்தின்மீது விழுந்தபோது டிறாமா இருட்டில் நின்றது என்பதும் உண்மை. வித்தியானந்தன் பிறந்ததும் 1924இல்தான், தெல்லிப்பழையில், வைரமுத்துவின் ஊருக்கு அயலில். இருவரும் மறைந்ததும் ஒரே ஆண்டு, 1989. முன்னவர் சனவரியில், பின்னவர் யூலையில்.

மறு ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. காங்கேசன்துறை உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டனர். சில நாளில் திரும்பலாம் என்று எண்ணியவர்களே அநேகர். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இன் பின்னர் அது துண்டுதுண்டாகத் திரும்பக் கிடைத்தபோது, திருவிழாவுக்கு மேடை போட்ட வீதிகள் சிலவற்றில் மேடை போட்டவர்களும் இல்லை, வீதியும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் ஓர் ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்குப் போயிருந்தேன். அங்கேயே பிறந்த ஓர் இளைஞர், மின்விசைப் பலகையில் ஆர்மோனிய ஒலியை வைத்துக்கொண்டு மயான காண்டப் பாட்டொன்றைப் பாடினார். உச்சரிப்புத் தடுமாறியது, சுருதி நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர், முன் வரிசையில் இருந்தவரிடம் குனிந்து சொன்னார்: "இது எங்கட காங்கேசன்துறைப் பாட்டுத் தம்பி. வேற ஒருத்தரிட்டயும் இல்லை."

பார்சிக் கம்பனி, சங்கரதாஸ் சுவாமிகள், 1914ஆம் ஆண்டுக் கப்பல் எல்லாம் என் நாவின் நுனி வரை வந்தன. நான் எதையும் திருத்தவில்லை.