ஓநாய் வேட்டைநாயும் வெச்சூர்ப் பசுவும்: மீட்டலின் அளவுகோல்

அயர்லாந்தின் ஓநாய் வேட்டைநாய் ஏறக்குறைய அழிந்திருந்த நிலையில், 1860களில் கேப்டன் கிரகாம் அதனை மீட்டுருவாக்கத் தொடங்கினார். எஞ்சியவை எனக் கருதப்பட்ட நாய்களோடு ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயையும் கிரேட் டேனையும் கலந்தார். பழைய வருணனைகளில் கண்ட பேருருவமே அவரது அளவுகோல். உருவம் திரும்பியது. எனினும் இன்றைய நாய் குறுகிய ஆயுளுடையது. இதயநோய்க்கும் எலும்புப் புற்றுநோய்க்கும் எளிதில் ஆட்படுவது. (மீட்டுருவாக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது.)

கேரளத்தில் அளவுகோல் ஓர் இனத்தை அழிவின் விளிம்புக்கே தள்ளியது. வைக்கத்தை அடுத்த வெச்சூரின் பசு ஏறத்தாழ 90 செ.மீ. உயரமே உடையது, நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் தரும். திருவனந்தபுரத்தில் சட்டமன்றம் 1961இல் இயற்றிய கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்க வகைசெய்தது. 1963இல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டம் பிரவுன் சுவிஸ் கலப்பைப் பரப்பியது. லிட்டர் கணக்கில் வெச்சூர் தோற்றது. அது உண்ணும் தீவனம் எவ்வளவு குறைவு என்பதோ, ஈரமும் வெப்பமும் மிக்க நிலத்துக்கு அது எவ்வளவு இசைந்தது என்பதோ அக்கணக்கில் ஏறவில்லை.

1989இல் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சிய சில மாடுகளைத் திரட்டிப் பெருக்கினர். கிரகாமைப் போலன்றி, அயலினக் கலப்பை நாடவில்லை. ஆகவே சிறு மந்தைக்குள் நெருங்கிய உறவுக்கலப்பைத் தவிர்ப்பதே விடாத சிக்கலாயிற்று. ஐப்புக்கு 2022இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மலைக்கு இப்பால், ராஜபாளையம் நாயை வளர்ப்போர் இன்றும் தூய வெண்ணிறத்தையே விரும்புகின்றனர். அந்த நிறத்தோடு செவிட்டுக் குட்டிகளும் பிறக்கின்றன.