'என்று' என்னும் சுவர்

நாவலைப் பற்றிப் பேசும்போது கதை, பாத்திரம், காலம் என்று நிறையப் பேசுகிறோம். வாக்கியத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு பாத்திரத்தின் மனம் சமூகத்திலிருந்து எங்கே பிரிகிறது என்று கேட்டால் உளவியல் சொல்வார்கள், தத்துவம் சொல்வார்கள். நான் இலக்கணத்தைப் பார்க்கலாம் என்கிறேன். வோலோஷினோவ் 1929இல் வெளியிட்ட 'மார்க்ஸியமும் மொழியின் தத்துவமும்' நூலின் மூன்றாம் பகுதி, பிறர் பேச்சை எடுத்தாளும் வாக்கிய அமைப்புகளைப் பற்றியது. ஒருவர் பேச்சை இன்னொருவர் தன் வாக்கியத்துக்குள் எப்படி வைக்கிறார் என்பதில் சமூக உறவு படிந்திருக்கிறது என்பது அவர் வாதம்.

தமிழில் இந்த வேலையைச் செய்கிற சொல் 'என்று'. 'போய்விடலாம் என்று நினைத்தான்' என்றால் முன்பாதி அவனுடையது, பின்பாதி கதைசொல்லியுடையது. இதோடு நமக்கு இன்னொரு பிரிவும் இருக்கிறது: எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ். இந்த இரண்டும் சேர்ந்துதான் நம் புனைகதையில் உள்ளத்துக்கும் ஊருக்கும் நடுவே சுவர் எழுப்பின. அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு.

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் அது இல்லை. கதைசொல்லியும் ஞானாம்பாளும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே எழுத்துத் தமிழைத்தான் பேசுகிறார்கள். மனசுக்கென்று தனி பாஷை கிடையாது, தெருவுக்கென்றும் கிடையாது. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896இல் நூலான 'கமலாம்பாள் சரித்திர'த்தில் நிலைமை மாறுகிறது. ராஜமய்யர் ஊர்ப் பெண்களின் வம்பை அக்கிரகாரத்துப் பேச்சிலேயே எழுதுகிறார். முத்துசாமி அய்யரின் துக்கமும் துறவும் எழுத்துத் தமிழில் நடக்கின்றன. ஊர் பேசுகிறது, தனிமனிதன் எழுதப்படுகிறான்.

1936இல் எழுத வந்த மௌனி இதைக் கடைசிவரை கொண்டுபோனார். 'அழியாச்சுட'ரில் ஆட்களுக்குப் பெயர் இல்லை, அவன், அவள்தான். பேசும்போதும் எழுத்துத் தமிழையொட்டியே பேசுகிறார்கள். பேச்சு போனதோடு சாதி, தொழில், தெரு எல்லாம் மங்கிப்போகின்றன. சும்மா சொல்லக் கூடாது, அந்த வாக்கியங்கள் இல்லாவிட்டால் தனிமையை எழுதத் தமிழுக்கு இவ்வளவு நுட்பம் கிடைத்திருக்காது. ஆனால் அந்தத் தனிமை யாருக்குக் கிடைத்தது? பண்ணையாளும் வேலைக்காரியும் கதைக்குள் வந்தால் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அவங்களுக்கு ஊர் உண்டு, வட்டார வழக்கு உண்டு. யோசனை மட்டும் கிடையாது.

1976இல் வந்த 'கோபல்ல கிராம'த்தில் கி. ராஜநாராயணன் மேற்கோள் குறியைத் தாண்டிக் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே கரிசல் பேச்சைக் கொண்டுவந்தார். இது பெரிய உடைப்பு. என்றாலும் அங்கே அதிகம் நினைப்பது ஊர்தான். ஒரு தனி ஆள் தன்னோடு மல்லுக்கட்டுகிற இடம் குறைவு.

அந்த இடம் 1992இல் பாமாவின் 'கருக்கு'வில் வருகிறது. தெருச் சண்டை, பள்ளிக்கூடம், கோயில், கன்னியர் மடம், அங்கே முளைக்கிற சந்தேகம், கோபம் எல்லாம் ஒரே பேச்சுத் தமிழில். 'என்று' அங்கே 'ன்னு' ஆகிவிட்டது. அதன் இரண்டு பக்கமும் ஒரே பாஷை. நினைக்கிறவளும் சொல்லுகிறவளும் ஒருத்தி. 'நான்' சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'நாங்க' வந்துவிடுகிறது. தன்னிலை சமூகத்தை வெளியே தள்ளிவிட்டுத்தான் உருவாக வேண்டும் என்பதில்லை என இந்த வாக்கியம் காட்டுகிறது.

விமர்சனம் இதைக் கவனித்ததா என்பதுதான் என் கவலை. 'கருக்கு'வை ஆவணம், வாக்குமூலம், மண்வாசனை என்று பாராட்டியே ஒதுக்கிவிட முடிகிறது. மௌனியிடம் மனத்தையும் பாமாவிடம் வாழ்க்கை விவரத்தையும் மட்டும் தேடுகிற வாசிப்பு, ஆசிரியர் இடித்த சுவரைத் திரும்பக் கட்டுகிறது. பேச்சுத் தமிழில் யோசிப்பவரை யோசிப்பவராக ஏற்க மறுப்பது வெறும் ரசனைப் பிரச்சனை அல்ல, சாதிப் பிரச்சனை. மடத்தை விட்டு வெளியே வந்தவள் இனி என்ன செய்வது என்று தடுமாறுகிற பக்கங்களை 'அழியாச்சுட'ரின் பக்கத்தில் வைத்து, வாக்கியம் வாக்கியமாக, படித்துப் பார்க்க வேண்டும்.