அம்மா வேலை செய்யவில்லையாம்

‘பெண்கள் இப்போதுதான் வீட்டைவிட்டு வேலைக்கு வருகிறார்கள்’ என்று எழுதுகிறவர்கள் எந்த வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள்? எங்கள் பிள்ளையார்குப்பம் சேரியில், கல்யாணமானபின் வேலைக்குப் போகாமல் நின்றவள் என்று ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

தாத்தா படியாள். கூலி பேசியது அவர் பேருக்கு. விடியுமுன் ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியது பாட்டி. அவளுக்கென்று தனிக்கூலி கிடையாது. புருஷனை வாங்கினால் பெண்டாட்டியின் உழைப்பு இனாம்.

1971-ல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் சேரிக்கு வந்தாராம். அம்மா இன்றும் சொல்வாள்: “உன் சித்திக்குக் கல்யாணம் ஆவல. அவளுக்குக் கூலின்னு எழுதினாரு. எனக்கு, ‘கல்யாணம் ஆனவதானே, ஊட்டு வேல’ன்னு அவராவே எழுதிக்கினாரு. ரெண்டு பேரும் ஒரே கழனியிலதான்டா நட்டோம்!”

இது ஒருவர் செய்த பிசகு மட்டுமல்ல. 1961 கணக்கெடுப்பு, பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரையும் உழைப்பாளி என்றது. 1971-ல் ‘முதன்மையான வேலை எது’ என்று கேட்டார்கள். ‘வீட்டு வேலை’ என்று பதிவானவள் உழைப்பாளிகளின் மொத்தத்தில் வரமாட்டாள். 1961-ல் நாடு முழுக்கச் சுமார் 5.9 கோடியாக இருந்த பெண் உழைப்பாளிகள், 1971-ல் சுமார் 3.1 கோடியாகிப் போனார்கள். பத்தாண்டில் இத்தனை கோடிப் பெண்களும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்களா? கேள்விதான் மாறியது. 1981-ல் 183 நாள் என்று ஒரு கோடு போட்டார்கள். நடவு, களை, அறுப்பு, மல்லாட்டை பிடுங்குவது எல்லாம் சேர்ந்தாலும் அத்தனை நாள் வேலை கிடைக்காதவள் ‘குறுவேலை’க்காரி ஆனாள். வேலை கொடுக்காதது யார் குற்றம்?

சட்டத்தின் கண்ணும் இப்படித்தான். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். 1929-ல் அங்கே சட்டம் வந்தது, ஆலைப் பெண்களுக்கு. 1961-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது ஆலை, சுரங்கம், தோட்டம் என்று எழுதினார்கள். கழனியில் கூலிக்கு நடுகிறவள் அதில் இல்லை. நிறைமாசத்தில் நாற்றுமுடி சுமந்த என் அம்மாவை ஒரு ஏடு உழைப்பாளி என்று எழுதவில்லை. இன்னொரு ஏடு தாய் என்றும் பார்க்கவில்லை.

சாதி இந்துப் பெண்ணின் விடுதலையை ‘வாசற்படி தாண்டுவது’ என்று பேசுகிறோம். சேரிப்பெண்ணை அந்தப் படிக்குள் யார் உட்காரவிட்டார்கள்? அவள் கேட்பது தன் கூலியை, தன் பேரில்.

2027 கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025-ல் வந்தது. சாதியும் எண்ணப்படும் என்றார்கள். சாதிக் கணக்கு கேட்டுப் போராடிய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பவர் சேரிக்குள் வரும் நாளில் நம் பெண்கள் பக்கத்தில் இருங்கள். ‘வீட்டு வேலையா?’ என்று அவர் கேட்கும்போது, செய்யும் வேலை ஒவ்வொன்றையும் அவர்களே வாய்திறந்து சொல்லட்டும். அம்மாவிடம் நான் இதைச் சொன்னேன். “இந்த வாட்டி நானே சொல்றேன்டா” என்றாள்.