தரைக்கீழ் நீரும் தரைமேல் உறவுகளும்: இலங்கையின் ஆரம்பகால இயற்கைவள அளவைகள் பற்றிய ஒரு நோக்கு

1

இயற்கை விஞ்ஞானம் வர்க்கச் சார்பற்றது என்னும் கூற்று ஓரளவிற்கே உண்மையாகும். சுண்ணாம்புக்கல்லின் வயதும் கடல்நீரின் அடர்த்தியும் ஆள்வோருக்கு ஒன்றாகவும் ஆளப்படுவோருக்கு வேறாகவும் இருப்பதில்லை. ஆயின், எந்தப் பாறையை முதலில் ஆராய்வது, எந்த நீரை அளப்பது, எந்த மீனைக் கணக்கெடுப்பது என்னும் வினாக்கள் விஞ்ஞானத்தினுள்ளிருந்து மட்டும் தோன்றுவனவல்ல. அவை ஒரு சமுதாயத்தின் உற்பத்தி அமைப்பிலிருந்தும் அதன் அதிகார உறவுகளிலிருந்தும் எழுவன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இலங்கையில் நடைபெற்ற புவிச்சரிதவியல், மீன்வள, நீர்வள ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றுகளாகும். இவற்றுள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைக்கீழ் நீர் பெற்ற இடம், அன்றேல் பெறாத இடம், இக்கட்டுரையின் பொருளாகும்.

2

இலங்கையின் கனிப்பொருள் அளவை 1903 ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 1900 இல், இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை லண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்திருந்தது. இரத்தினம், காரீயம், அருந்தனிமங்கள் அடங்கிய கனிப்பொருள்கள் ஆகியவையே அளவையின் பிரதான அக்கறைகளாயின. மாதிரிகள் லண்டனிலிருந்த பேரரசு நிறுவகத்துக்கு அனுப்பப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டன. குமாரசுவாமி யுரேனினைற்று எனக் கருதிய கனிப்பொருளொன்றை, அது புதியதென இனங்கண்டு 1904 இல் தோரியனைற்று எனப் பெயரிட்டவர் அந்நிறுவகத்தைச் சேர்ந்த டன்ஸ்ரன் ஆவார். கல் இங்கே கிடைக்க, அதன் பெயரும் பயனும் அங்கே தீர்மானிக்கப்பட்டன. குமாரசுவாமியின் நேர்மையையும் ஆற்றலையும் இது குறைப்பதாகாது. பாறை தேடிக் கிராமங்கள்தோறும் சென்றவர் கண்டவற்றுள் அழிந்துகொண்டிருந்த கைவினைஞர் வாழ்வும் ஒன்று. 1908 இல் வெளியான மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அப்பயணங்களின் மற்றொரு விளைவாகும். கனிப்பொருளைக் கேட்ட அரசு மனிதரைக் கேட்கவில்லை. அதனைக் குமாரசுவாமி தாமாகவே எழுதினார்.

மீன்வளத்திலும் இதே நிலையைக் காணலாம். மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய 1902 இல் ஹேர்ட்மனும் ஹோர்ணலும் வந்தனர். அவ்வாய்வு ஐந்து தொகுதிகளாக விரிந்தது. 1906 இல் முத்துக்குளிப்பு பிரித்தானியக் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டது. 1880களில் நுவரெலியாவின் நீரோடைகளுக்கு ட்ரவுட் மீன் கொண்டுவரப்பட்டமை தோட்டத்துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்காகவேயாம். வன்னியிலும் வடமத்திய பகுதியிலும் குளம் வற்றும் காலத்தில் விராலும் கெளிறும் பிடித்துண்ட உழவரின் நன்னீர் மீன்பிடியோ, கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளர் வில்லி அதன் சஞ்சிகையில் 1910 இல் எழுதிய குறிப்புகள் போன்ற சிலவற்றிலேயே இடம்பெற்றது. ஏற்றுமதிக்குரிய முத்துக்கு ஐந்து தொகுதிகள். உழவர் உண்ணும் மீனுக்குச் சில பக்கங்கள். குளத்து மீன்பிடி பெருந்தொழிலாக வளர்ந்தது 1952 இல் திலாப்பியா அறிமுகமான பின்னரேயாம். 1990 இல் சமயக் காரணங்காட்டி அதற்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு 1994 இல் மீள வழங்கப்பட்டமை, ஏழையின் உணவு எவ்வளவு எளிதில் கணக்கிலிருந்து நீக்கப்படக்கூடியது என்பதைக் காட்டும்.

3

முத்தும் காரீயமும் போன்று கப்பலேற்றப்படும் பொருளன்று குடாநாட்டின் தரைக்கீழ் நீர். வற்றாத ஆறு எதுவுமற்ற அந்நிலத்தில் புகையிலையும் காய்கறியும் குடிமக்களின் உயிரும் கிணற்றையே நம்பியிருந்தன. இருப்பினும் ஆரம்பகால எழுத்துகளில் அந்நீர் ஒரு வியப்பாகவே இடம்பெறுகின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு ஆழம் காணவியலாதது என்பது மக்கள் நம்பிக்கை. இராமன் தாகந் தீர்க்க அம்பெய்த இடம் என்பது ஐதிகம்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளியிட்ட நூலில் குடாநாட்டுக் கிணறுகளை ஆராயுமிடத்து டார்வினுடன் முரண்படுகிறார். 1836 இல் கீலிங் தீவுகளைப் பார்வையிட்ட டார்வின், பவளத் தீவுகளின் நன்னீர் மழைநீரே என்றும், அது பாரங் குறைந்ததாதலின் பாறைத் துளைகளிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது என்றும் விளக்கியிருந்தார். டெனன்ட் இதனை ஏற்கத் தயங்கினார். கடல்நீரே நுண்துளைப் பாறையூடாக வடிந்து உப்பு நீங்குகிறது என்னும் கருத்தின் பக்கம் அவர் சாய்ந்தார்.

இது வெறும் விஞ்ஞான வாதமன்று. நன்னீரின் ஊற்று கடலாயின் அதற்கு எல்லையில்லை. எவ்வளவு இறைப்பினும் கடல் வற்றாது. ஊற்று மழையாயின் அதற்கு எல்லையுண்டு; ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை பெரும்பாலும் பொழியும் வடகீழ்ப் பருவமழையே அதன் முதல். அம்பு துளைத்த ஊற்றெனச் சொன்ன ஐதிகமும், கடல் வடிந்த நீரெனச் சொன்ன ஆட்சியாளரும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றனர்: நீர் வற்றாதது.

டார்வினே சரியெனக் காலம் நிறுவிற்று. 1880களின் இறுதியில் ஒல்லாந்தில் கைபனும், 1901 இல் வடகடற் தீவுகளை ஆராய்ந்த ஹேர்ஸ்பேர்க்கும் இந்த மிதப்பினைக் கணித்துக் காட்டினர். கடல்நீரின் அடர்த்தி நன்னீரினதைவிட நாற்பதில் ஒரு பங்கு கூடுதலாதலின், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும். மறுதலையாக, மேலே நீர்மட்டம் ஓரடி குறையின் கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி உயரும். குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. நிலாவரையின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்றாகும்.

இவ்வறிவு அளவையாக மாற நீண்டகாலம் சென்றது. 1900 இல் நிறுவப்பட்ட நீர்ப்பாசனத் திணைக்களத்தின் முதன்மைப் பணி குளங்களையும் கால்வாய்களையும் பற்றியதாயிற்று. வேலண்டும் டேவிசும் இலங்கையின் மயோசீன் காலப் படைகள் பற்றி 1923 இல் எழுதினர். நீர் வழங்கலுக்கான புவிச்சரிதவியல் பற்றிச் சிறிமான்ன 1952 இல் உரையாற்றினார். நீர்வளச் சபை 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. யாழ்ப்பாணத்துத் தரைக்கீழ் நீர் பற்றிய அதன் அறிக்கை 1968 இல் வெளிவந்தது. டெனன்டின் நூலுக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே நூற்றொன்பது ஆண்டுகள்.

4

ஆயினும் குடாநாட்டில் நீர் அளக்கப்படாதிருந்தது எனக் கூறுதல் தவறாகும். காணி உறுதிகளைப் பார்ப்போர் கிணற்றில் இத்தனை பங்கு, வழி, வாய்க்கால் என்னும் தொடர்களைக் காண்பர். பங்காளருக்கு இறைப்பு முறை வகுக்கப்பட்டிருந்தது. அரசு நீரை அளக்குமுன் உடைமை அதனை அளந்துவிட்டது. ஆனால் அது அளந்தது நீரின் இருப்பையன்று, நீரின்மீதான உரிமையையே.

அவ்வுரிமைக்குப் புறத்தே நின்றோர் யாவர்? துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக மிதித்தவரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளர். 1844 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையின் வழிவந்தோரும் அவருட் பலர். பிறர் தோட்டத்துக்கு நீரிறைத்த கைக்கு அக்கிணற்றில் குடிக்க அள்ளும் உரிமை இருக்கவில்லை. ஒருவர் வார்க்கக் காத்திருந்து பெற்ற நீரே அவர்தம் நீராயிற்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கிணற்றை மறுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் தானாகக் கிணற்றடிக்கு வரவில்லை; 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு வீறுபெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டமே அதனைக் கொணர்ந்தது. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ எனப் பெயரிட்டமை தற்செயலன்று. நீர்வள அறிக்கைகள் விட்ட வெற்றிடத்தை இலக்கியம் நிரப்பியதெனில் அது மிகையாகாது. கிணற்றின் நீர்மட்டத்தை அறிக்கையிற் காணலாம்; அக்கிணற்றடியில் எவர் தள்ளி நின்றார் என்பதை நாவலிலேயே காண்கிறோம்.

5

துலாவின் இடத்தை இயந்திர நீரிறைப்பி பிடித்தபோது உழைப்பாளியின் முதுகு ஓரளவு விடுபட்டது. இம்மாற்றத்தின் முற்போக்கான கூற்றை மறுத்தலாகாது. ஆயின் துலாவுக்கு மனித உடலின் களைப்பு ஓர் எல்லையாகவிருந்தது. இயந்திரத்துக்கு எண்ணெயின் விலையே எல்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலையை அளித்தன. இடதுசாரிகள் பங்குகொண்ட அவ்வரசின் கொள்கை குடாநாட்டு விவசாயிக்கு வாழ்வளித்தது என்பது உண்மை. அவ்விளைச்சலுக்கு இறைக்கப்பட்ட நீரும் இடப்பட்ட இரசாயன உரமும் எவருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை என்பதும் உண்மையே. 1980களின் ஆய்வுகள் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தலைக் காட்டின. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் காணி எல்லையை அறியா. ஒருவர் வளவில் ஊற்றியது மற்றவர் கிணற்றில் ஊறும்.

இங்கேதான் அடிப்படை முரண்பாடு வெளிப்படுகிறது. நீர் இயற்கையில் ஒன்றாகக் கிடக்கிறது. கிணறோ தனியுடைமையாகப் பிரிந்து கிடக்கிறது. பொதுவான வில்லையிலிருந்து ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தத்தம் வேகத்தில் எடுக்கின்றனர். உப்பு எழும்போது ஆழமாகத் தோண்டவோ நீரை விலைக்கு வாங்கவோ வசதியற்றவரே முதலில் இழக்கின்றனர். அன்று சாதியால் கிணற்றடியில் தள்ளி நிறுத்தப்பட்டோரின் சந்ததியினர் பலர் இன்று பணத்தால் தள்ளி நிறுத்தப்படும் அபாயம் வெளிப்படையானது.

ஆகவே தரைக்கீழ் நீரின் ஆழமும் உவர்ப்பும் மட்டுமன்றி, அதனை எவர் எடுக்கின்றனர், எவ்வளவு எடுக்கின்றனர், எவர் பெறாது நிற்கின்றனர் என்பனவும் ஒரே அளவையில் இடம்பெறல் வேண்டும். புவிச்சரிதவியலாளரும் பொருளியலாளரும் சமூக வரலாற்றாசிரியரும் இணைந்து செய்யவேண்டிய பணி அது. கடலே நமக்கு நன்னீர் தருகிறது என்ற பழைய கருத்தை ஏட்டளவில் நாம் கைவிட்டுவிட்டோம். இறைக்கும் முறையில் இன்னும் கைவிடவில்லை.