துபாப்: ஒரு சொல்லின் மூலம்

அல்ஹஜ் அத்தியாயத்தின் 73ஆம் வசனத்தில் ஈயைக் குறிக்கும் ‘துபாப்’ என்னும் சொல் இருமுறை வருகிறது. ‘துப்ப’ எனில் விரட்டப்பட்டது. ‘ஆப’ எனில் திரும்பியது. விரட்டினும் திரும்புவதால் இப்பெயர் என்றொரு விளக்கம் உண்டு. ஹிஜ்ரி 808இல் (1405) மறைந்த இமாம் தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் இதனைப் பிறர் கூற்றாகவே எடுத்துரைக்கிறார். நாமோ ஐயமின்றிப் பல்லாண்டு கற்பித்துவந்தோம். மாணவர் நகைப்பர், சொல்லும் மனத்தில் நிற்கும்.

ஆயின் ஈக்கு எபிரேயத்தில் ‘ஸெபூப்’. அதனினும் தொன்மையான அக்காதியத்தில் ‘ஸும்பு’. துபாபின் முதலெழுத்தாகிய தால், எபிரேயத்தில் ஸாயின் ஆவது வழமையே: தங்கம் இங்கே ‘தஹப்’, அங்கே ‘ஸாஹாப்’. ஆகவே இச்சொல் செமித்திய மொழிகளின் பொதுச் சொத்து; அரபிச் சொற்கள் இரண்டு ஒட்டிப் பிறந்ததன்று. இவ்வாண்டு மாணவர்க்கு அவ்விளக்கத்தைக் கதையென்றே கூறினோம். அப்போதும் நகைத்தனர்.