நடக்க இயலாத கால்நடை

‘கால்நடை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. காலால் நடத்தல் ஒன்று. ஆடு மாடு முதலிய வளர்ப்பு விலங்குகள் மற்றொன்று. கால்நடை மருத்துவத்தின் அடிப்படைச் சிக்கலும் இவ்விரு பொருள்களுக்கு இடையில்தான் இருக்கிறது. நோய் முற்றிய மாடு நடப்பதில்லை. கன்று ஈன முடியாமல் கிடக்கும் எருமையைத் தொலைவிலுள்ள மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்ல இயலாது. தொற்று கண்ட மாடு நடக்குமானால் தீங்கு இன்னும் பெரிது. வழியெங்கும் நோயைப் பரப்பிச் செல்லும். எனவே நடக்க வேண்டியவர் மருத்துவரே. இந்தியாவில் அவர் யாருக்காக நடந்தார் என்பதே இங்கு என் கேள்வி.

வட இந்தியாவில் விலங்கு மருத்துவரைக் குறித்த பழஞ்சொல் ‘சாலோத்ரி’. குதிரை மருத்துவத்தின் முதலாசிரியர் என மரபு போற்றும் சாலிஹோத்ரரின் பெயரடியாகப் பிறந்தது அது. கும்பினி ஆட்சியின் அக்கறையும் குதிரை மீதே இருந்தது. வில்லியம் மூர்கிராஃப்ட் 1808இல் இந்தியா வந்தது பீகாரின் பூசாவில் படைக்குரிய குதிரைப் பண்ணையை நடத்துவதற்காக. படைக்குதிரை லாயத்தில் நின்றது. மருத்துவரும் அதன் அருகிலேயே இருந்தார். உழவரின் மாடுகளோ ஊர்தோறும், வீட்டுக்கு ஒன்றிரண்டாகச் சிதறி இருந்தன.

அம்மாடுகளை அரசின் கண்ணுக்குக் கொணர்ந்தது ரிண்டர்பெஸ்ட், அதாவது வெக்கை நோய். மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. 1889இல் புனேயில் தொடங்கிய பாக்டீரியவியல் ஆய்வகம், 1893இல் மக்கள் நடமாட்டம் குறைந்த குமாவுன் மலைப்பகுதியின் முக்தேசுவருக்கு மாறியது. 1920களில் ஜே. டி. எட்வர்ட்ஸ் அங்கே நோய் நச்சுயிரியை ஆடுகளின் வழியே தொடர்ந்து செலுத்தி, அதன் வீரியத்தைத் தணித்துத் தடுப்பூசிக்கு வழி கண்டார். 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசியாளர்கள் ஊர் ஊராகச் சென்றனர். 1995க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இது மாபெரும் வெற்றி. எனினும் ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். ஒழிப்புத் திட்டம் ஊருக்குள் வந்தது நோயைத் தேடி. ஒரு குடும்பத்தின் ஒற்றை மாட்டைத் தேடியன்று. மடிவீக்கமும் வயிற்று உப்புசமும் ஈற்றுச் சிக்கலும் கொள்ளைநோய்கள் அல்ல. ஆனால் ஓர் எருமையை மட்டுமே உடைய வீட்டுக்கு அவை தரும் இழப்பு கொள்ளைநோயின் இழப்பேயாகும்.

அந்த ஒற்றை மாட்டைத் தேடிச் செல்லும் முறையை வலுவாக நிறுவியவற்றுள் ஒன்று குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம். 1946இல் பதிவான இவ்வமைப்பு, அதாவது அமுல், பின்னர் ஊர்தோறும் முறைவைத்து மருத்துவ வண்டிகளை அனுப்பியது. அவசர அழைப்புக்கும் மருத்துவர் சென்றார். காரணம் எளிது. உறுப்பினரின் எருமை நோயுற்றால் ஒன்றியத்தின் பாலும் குறையும். மாட்டின் உடைமையாளரே நிறுவனத்தின் உடைமையாளராகவும் இருந்தமையால் மருத்துவர் அவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தார். இப்பால் இயக்கத்தைச் சித்திரித்த ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) படத்தின் நாயகன் ஒரு கால்நடை மருத்துவர் என்பது பொருத்தமே.

இன்று 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வர வேண்டும். ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி. அதில் மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் என மூவர் என்பது நடுவண் திட்டத்தின் கணக்கு. ஒற்றை மாட்டுக்காக அரசே சாலையில் இறங்கியிருப்பது வரலாற்றில் முக்கியமான திருப்பம். ஆனால் ஊர்திகளின் எண்ணிக்கை மட்டும் அதன் அளவுகோலாகாது. இத்துறையின் வரலாற்றை ஆராய்வோர், போட்ட ஊசிகளையும் இறந்த மாடுகளையும் எண்ணுவதோடு, அழைப்புக்கும் வருகைக்கும் இடைப்பட்ட நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கீழே விழுந்த மாட்டின் அருகே அமர்ந்திருப்பவர் எண்ணுவது அந்த நேரத்தைத்தான்.