பேணுதலும் வஸ்வாஸும்

ஹிஜ்ரி 419, அதாவது கி.பி. 1028. நைசாபூரில் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அபூ முஹம்மது அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அவர் ஹலாலில் மிகுந்த பேணுதல் உடையவர். நூல்களைப் படியெடுத்துப் பெற்ற கூலியைக் கொண்டே உண்டவர். தம் குழந்தையின் தாயையும் அவ்வாறே உண்பித்தவர். குழந்தைக்கு வேறெவரும் பாலூட்டிவிடக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். ஒருநாள் தாய் நோயுற்றுக் கிடக்க, பசியால் அழுத குழந்தைக்கு அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டுச் சிறிது பால் கொடுத்தாள். வீடு திரும்பிய தந்தைக்கு அது தாங்கவில்லை. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றைத் தடவி, வாயில் விரலிட்டு, பால் முழுவதும் வெளிவரும்வரை விடவில்லை என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

அக்குழந்தையே பிற்காலத்தில் இமாமுல் ஹரமைன் என்று உலகம் போற்றிய அபுல் மஆலீ அல்ஜுவைனீ (ரஹ்). இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர். அறிவு விவாதங்களில் எப்போதாவது அவருக்குச் சிறு தடுமாற்றம் ஏற்பட்டால், அந்தப் பாலின் எச்சம்தான் இது என்று அவர் கூறுவாராம்.

பேணுதலின் சிறப்பைக் காட்டவே முன்னோர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தனர். அந்தப் பெரியாரை எடைபோடும் தகுதி நமக்கில்லை. எனினும் நான் இதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் தந்தையிடம் நிற்பதில்லை, மகனிடம் சென்றுவிடுகிறது. நாவன்மையில் ஈடிணையற்ற ஓர் அறிஞர், ஒரு கணத் தடுமாற்றத்துக்கும் தம் மழலைப் பருவத்துக்குப் போய்க் காரணம் தேடுகிறார். தடுமாறுதல் மனித இயல்பு என்று அவர் எளிதாகக் கடந்திருக்கலாம் அல்லவா?

வியப்பு என்னவென்றால், அதே தந்தை 'அத்தப்ஸிரா' என்றொரு நூலும் இயற்றினார். அதன் பொருளே, பேணுதல் எங்கே முடிகிறது, வஸ்வாஸ் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிவது. அந்த எல்லைக்கோடு எத்துணை மெல்லியது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார் இருந்திருக்க முடியும்!

நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ பள்ளிகளில் தொழுவோர்க்கு இது புதிதன்று. நிய்யத் தக்பீருடன் இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது இணைந்ததா, இல்லையா என்ற ஐயத்தில் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஹவுளில் முழங்கையை நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் தேய்ப்போரையும் கண்டிருக்கிறோம். இமாம் கஸ்ஸாலீ 'இஹ்யா'வில் தூய்மை பற்றிப் பேசுமிடத்தில் இத்தகையோரை நோக்கி, ஸஹாபாக்கள் வெறுங்காலுடன் நடந்ததையும், விரிப்பின்றித் தரையிலேயே தொழுததையும், உமர் (ரழி) அவர்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் குடத்து நீரில் உளூச் செய்ததையும் நினைவூட்டுகிறார். முன்னோர் தம் கவனத்தையெல்லாம் உள்ளத்தின் தூய்மையில் செலுத்தினர் என்பது அவரது வாதம்.

பக்தாதில் வாழ்ந்த ஹன்பலீ அறிஞர் இப்னு அகீல் (ரஹ்) இன்னும் கூர்மையாகச் சொன்னார். பலமுறை நீரில் மூழ்கியும் குளிப்பு நிறைவேறியதா என ஐயுறுகிறேன் என்று ஒருவர் அவரிடம் வந்து முறையிட்டார். அப்படியானால் உம்மீது தொழுகையே கடமையில்லை, போய்விடும் என்றார் இப்னு அகீல். ஏன் என்று கேட்டதற்கு, புத்தி பேதலித்தவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது. மூழ்கி எழுந்த பின்னும் நனைந்தேனா என ஐயுறுபவர் வேறு யார் என்று விடையளித்தார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இதைக் குறிப்பிடுகிறார். நகைச்சுவைதான், ஆனால் வேதனையோடு வந்தவருக்கு இந்த மருந்து சற்றே காரமானது.

கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ மென்மையான வழியில் சென்றார். உடல் நலத்தோடு உள நலத்தையும் சேர்த்து எழுதிய அவரது நூலில் இறுதி அத்தியாயம் வஸ்வாஸைப் பற்றியது. அத்தகையவர் தனிமையைத் தவிர்த்து மக்களோடு கலந்திருக்க வேண்டும் என்பது அவர் கூறும் சிகிச்சைகளுள் ஒன்று. பாவமென்று பழிக்காமல், நோயென்று அணுகினார்.

இன்று நம் வீடுகளில் இதே நோய் வேறு உடையில் உலவுகிறது. ஓர் எழுத்து பிசகினால் பக்கத்தையே கிழித்துவிட்டு அழும் பிள்ளை. தொண்ணூற்றெட்டு வாங்கியவனிடம் மீதி இரண்டு எங்கே என்று கேட்கும் தந்தை. விருந்தினர் உண்டு மகிழ்ந்து சென்ற பின்னும் உப்புக் குறைந்ததை எண்ணி உறங்காத தாய். மதரஸாவில் திக்கித் திக்கி ஓதும் பிள்ளை வெட்கத்தால் வாய் மூடிவிடுகிறது. சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிமொழியை அப்பிள்ளையின் காதில் போட்டவர் எத்தனை பேர்?

சிறுவராக நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர் அனஸ் (ரழி). பத்து ஆண்டுகள் பணிசெய்தும், தம்மை நோக்கி அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்றதில்லை. ஏன் இப்படிச் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதுமில்லை என்று அவரே அறிவிக்கிறார். பத்து ஆண்டுகளில் அச்சிறுவர் எதையும் மறக்காமலா, தவறாமலா இருந்திருப்பார்?

ஏன், மதீனாவின் பள்ளியிலேயே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே நபி (ஸல்) அவர்கள் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ரும் உமரும் (ரழி) பேசத் தயங்கி நின்றனர். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர்தான், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று துணிந்து கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடம் அதை உறுதிசெய்துகொண்டு, விடுபட்ட இரண்டு ரக்அத்துகளைத் தொழுதார்கள். பின்னர் மறதிக்காக இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்கள். முதலில் தொழுத இரண்டையும் அவர்கள் திரும்பத் தொழவில்லை.